கோட்டுக்கு ஒரு விரல் கீழே

ரொட்டியக்கா குனிந்து, வண்டியின் முகப்பு விளக்குக் கண்ணாடியில் வாயால் ஆவி விட்டு, சட்டைக்கை நுனியால் துடைக்கிறாள். தள்ளி நின்று பார்க்கிறாள். திருப்தி இல்லை. மறுபடி ஆவி, மறுபடி துடைப்பு. பின்னால் ரொட்டிப் பெட்டியை ஏற்றிக் கட்டிக்கொண்டிருக்கும் பேக்கரி மாஸ்டர், "போதும்க்கா, கண்ணாடி தேஞ்சுடப் போகுது" என்கிறார். "கம்பெனிக்காரன் உள்ள மெழுகுவத்திய வெச்சு அனுப்பியிருக்கான், நான் வெளிய துடைச்சு என்ன பண்ண" என்று அலுத்துக்கொண்டே இன்னொரு தடவை துடைக்கிறாள். விடியலுக்கு முந்திய இருட்டில், பேக்கரியின் பின்வாசலில், தினமும் நடக்கிற கூத்து இது.

ஐம்பதைத் தாண்டிவிட்டாள். ஆள் குள்ளம், தோள் அகலம். வீட்டுக்காரர் தையல்காரர் என்பதால் அவளுடைய சட்டை எந்தக் கடையிலும் கிடைக்காத சட்டை. தடித்த துணி, முழுக்கை, எண்ணி முடியாத பைகள். ஒன்றில் சில்லறை, ஒன்றில் திருப்புளி, ஒன்றில் தனக்கென்று எடுத்து வைத்த பன். அந்தப் பன்னை அவள் தின்று யாரும் பார்த்ததில்லை. வழியில் யாராவது ஒரு பிள்ளையோ நாயோ எதிர்ப்பட்டு அதை வாங்கிக்கொண்டு போய்விடும். கேட்டால், "நாள் முழுக்க ரொட்டி வாசனையிலேயே இருக்கேன், அதுலயே வயிறு நிறைஞ்சு போகுது" என்பாள். வயிறு நிறைந்த ஆள் ஒன்பது மணிக்கு வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிற சாப்பாட்டைப் பார்த்தால் அது எவ்வளவு பெரிய பொய் என்று தெரியும்.

வண்டி மின்சார வண்டி. பழைய பெட்ரோல் வண்டி இருமி இருமி உயிரை விட்ட பிறகு வாங்கியது. முதல் நாள் சாவியைத் திருப்பிவிட்டு, வண்டி கிளம்பவில்லை என்று நினைத்துக் கைப்பிடியை முறுக்கி, நேராகப் பேக்கரியின் மாவு மூட்டைமேல் போய் மோதினாள். சத்தமே போடாத வண்டி. அதனாலேயே அதன்மேல் அவளுக்குக் கொள்ளைப் பிரியம். ஊர் தூங்கும்போது தான் மட்டும் காற்றுப்போல் போய்வருவதில் ஒரு கர்வம். எந்தக் கடையிலும் அவள் கொடுக்கும் ரொட்டி சூடாக இருக்கும். "ஆறின ரொட்டிய நான் குடுத்ததா யாராச்சும் ஒருத்தர் சொல்லட்டும், அன்னைக்கே சாவியத் தூக்கிப் போட்டுடறேன்" என்று சவால் விடுவாள். இதுவரை யாரும் சொன்னதில்லை. அவள் வாய்க்குப் பயந்து சொல்லாமல் இருந்திருக்கவும் கூடும்.

அவளுக்குப் பிடிக்காதவை இரண்டு. ஒன்று, நேற்று மிஞ்சிய பன்னை இன்று சூடு பண்ணி விற்கிற கடைக்காரர்கள். இன்னொன்று, மூக்குக் கண்ணாடி. வீட்டுக்காரர் ஊசியில் நூல் கோப்பதற்குக் கண்ணாடியைத் தேடும்போதெல்லாம், "கண்ணுக்கு வேலை குடுத்தா அது ஏன் கெடப் போகுது? சோம்பேறித்தனம்" என்று ஒரு குத்துக் குத்துவாள். அவர் பதில் பேசமாட்டார். முப்பது வருஷக் குடித்தனத்தில் எதற்குப் பதில் பேச வேண்டும், எதற்குப் பேசக்கூடாது என்பது அவருக்கு அத்துப்படி. கண்ணாடி கிடைத்ததும் போட்டுக்கொண்டு, அதன் வழியாக அவளை ஒரு பார்வை பார்ப்பார். அவ்வளவுதான்.

விளக்குப் பைத்தியம் பிடித்தது போன மழைக்காலம் முடிந்த கையோடு. அதற்கு ஒரு காரணம் உண்டு. பேக்கரியிலிருந்து கிளம்பி, மூன்று தெரு கூடுகிற முனையில் வலது பக்கம் திரும்பினால் ஒரு நீளமான தெரு. அங்கே விடிவதற்கு முன்பே பெருக்குகிற பெண் ஒருத்தி வருவாள். நகராட்சி கொடுத்த பளபளப்புப் பட்டை போட்ட அங்கி அவள் மேல் இருக்கும். தூரத்திலிருந்தே தெரியத்தான் அந்தப் பட்டை. அன்று ரொட்டியக்காவுக்கு அது தெரியவில்லை. எதிரே ஒரு லாரி வந்தது. லாரியின் விளக்கு உடைந்த கண்ணாடிச் சில்லுபோலக் கண்ணெல்லாம் சிதறியது. அது கடந்து போனதும் சாம்பல் நிறம்தான் மிச்சம். அந்தச் சாம்பலுக்குள்ளிருந்து ஒரு துடைப்பக் கட்டை வண்டியின் கைப்பிடியில் இடித்தபோதுதான் பிரேக்கைப் பிடித்தாள். பெருக்குகிற பெண் ஓரமாக உட்கார்ந்துவிட்டாள். அடி ஒன்றும் இல்லை. "என்னக்கா, சத்தமும் இல்லாம வந்து மேல ஏத்தப் பார்த்தியே" என்று சிரித்துக்கொண்டுதான் எழுந்தாள். சட்டைப் பையிலிருந்த பன் அன்று அவளுக்குப் போனது. ரொட்டியக்கா அடுத்த நாலு கடையிலும் சில்லறையைத் தப்பாக எண்ணிக் கொடுத்தாள்.

இதை அவள் வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். வீட்டுக்காரர் ஒன்றும் பேசாமல் வண்டிச் சாவியை எடுத்துத் தையல் மெஷின் இழுப்பறையில் போட்டுப் பூட்டிவிடுவார். பேக்கரி முதலாளி வேறு ஆளைப் பார்ப்பார். அப்புறம் அவள் பேக்கரிக்குள் உட்கார்ந்து பன்னைக் காகிதத்தில் சுற்ற வேண்டியதுதான். விடியலுக்கு முந்திய அந்த ஒன்றரை மணி நேரம்தான் அவளுக்கென்று இருக்கிற பொழுது. யாருக்கும் அம்மா இல்லை, யாருக்கும் பெண்டாட்டி இல்லை. அதை இழந்துவிட்டு ஒரு நாளைக்கூட அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஆகவே குற்றம் விளக்கின் தலையில் விழுந்தது. "வெளிச்சம் பத்தல. அதான் விஷயம்" என்று தம்பியிடம் போய் நின்றாள்.

தம்பி இரண்டு தெரு தள்ளி வண்டிப் பட்டறை வைத்திருக்கிறான். தங்கமான பையன் என்று அக்கா சொல்வாள். பையனுக்கு நாற்பத்தைந்து வயது. பெட்ரோல் வண்டியைக் கண்ணைக் கட்டிவிட்டாலும் பிரித்துப் பூட்டுவான். மின்சார வண்டி என்றால் உள்ளூரக் கொஞ்சம் உதறல்தான், ஆனால் அதை அக்கா முன்னால் காட்டிக்கொள்வானா? முதலில் பல்பை மாற்றினான். புதிய எல்இடி பல்பின் பின்பக்கம் சின்ன விசிறி ஒன்று துருத்திக்கொண்டிருந்தது. ரப்பர் மூடி மூடவில்லை. அதைக் கத்தரித்து எப்படியோ நுழைத்தான். வெளிச்சம் வந்தது. அடுத்த மழையில் அந்த ஓட்டை வழியே தண்ணீரும் வந்தது. விளக்குக்குள் குட்டி மீன் விடலாம்போல் ஆனது.

இரண்டாவது தடவை பெரிய விளக்காக வாங்கி வந்தான். பெட்ரோல் வண்டியில் விளக்கு மங்கலாக இருந்தால் பட்டறைக்காரர்கள் செய்கிற வேலை ஒன்று இருக்கிறது. சுற்றி வளைத்து வருகிற ஒயரை விட்டுவிட்டு, பேட்டரியிலிருந்தே நேராக ஒரு ஒயரை இழுத்துக் கொடுத்துவிடுவார்கள். காலம் காலமாகச் செய்து பழகிய கை. அவனும் சீட்டைக் கழற்றி, பேட்டரியைக் கண்டுபிடித்து, நேராக ஒயரை இழுத்தான். மின்சார வண்டியின் பேட்டரி வண்டியையே இழுக்கிற பேட்டரி. விளக்குக்கு வேண்டியதைப்போல ஆறு மடங்கு வோல்டேஜ் அதில் இருக்கிறது. அதைக் குறைத்து விளக்குக்கும் ஹாரனுக்கும் கொடுக்கத்தான் கன்வெர்ட்டர் என்று ஒரு சின்னப் பெட்டியைத் தனியாக வைத்திருக்கிறார்கள். ஸ்விட்சைப் போட்டதும் ஒரு கணம் தெருவே பகலானது. அடுத்த கணம் 'டப்' என்று ஒரு சத்தம், கொஞ்சம் புகை. "நல்லா இருந்துச்சேடா, அதையே நிரந்தரமா வர்ற மாதிரி பண்ண முடியாதா?" என்று அக்கா கேட்டாள். தம்பி விளக்கு செய்தவனைத் திட்டினான். பிறகு வீட்டுக்குப் போய் ராத்திரி முழுக்கப் போனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டான். தப்பு யாருடையது என்று அன்றைக்கே அவனுக்கு விளங்கியிருந்தது.

மூன்றாவதாக, பழைய விளக்கையே திரும்ப மாட்டி, கைப்பிடிக்கு இரண்டு பக்கமும் இரண்டு குட்டி விளக்குகள். இந்தத் தடவை ஒயர் கன்வெர்ட்டரிலிருந்துதான் வந்தது. ஆனால் அந்தச் சின்னப் பெட்டியால் எவ்வளவு சுமக்க முடியுமோ அவ்வளவுதானே சுமக்கும்? ஹாரனை அமுக்கினால் விளக்கு மூன்றும் கண்ணை மூடிக்கொண்டன. ஹாரனை விட்டால் திறந்துகொண்டன. "ஒண்ணு பார்க்கணும், இல்ல கத்தணும். ரெண்டையும் சேர்த்துப் பண்ணக் கூடாதுன்னு வண்டி சொல்லுது" என்று தெருவில் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தாள். எதிரே வந்தவர்கள் யாரும் சிரிக்கவில்லை. ஒரு கடைக்காரர் அவள் வருகிறாள் என்றால் கையால் முகத்தை மறைத்துக்கொண்டுதான் ரொட்டியை வாங்கினார். இவ்வளவு வெளிச்சம் போட்டும் அவள் வாயிலிருந்து வந்த வார்த்தை ஒன்றுதான். "இன்னும் கொஞ்சம் இருந்தா நல்லாருக்கும்."

வெளிச்சத்தில் குறையில்லை என்பது அவளுக்குத் தெரியாதா? தெரியும். மனசின் ஏதோ ஒரு மூலையில் தெரிந்துதான் இருந்தது. தெருவிளக்குகள் பஞ்சு சுற்றிக்கொண்டு நிற்பது எப்போதிலிருந்து என்று அவளால் சொல்ல முடியும். கடைக்காரர்களை இப்போது முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வதில்லை. இருமலில், செருப்புச் சத்தத்தில், ஷட்டரைத் தூக்குகிற விதத்தில் தெரிந்துகொள்கிறாள். குழிகளையெல்லாம் கண் பார்ப்பதில்லை, இடுப்பு ஞாபகம் வைத்திருக்கிறது. ஆனால் பெருக்குகிற பெண் ஒரே இடத்தில் நிற்கிற குழி இல்லையே. அந்தத் தெருவில் திரும்பும்போது மட்டும் வாயால் "வர்றேன், வர்றேன்" என்று குரல் கொடுத்துக்கொண்டே போவாள். கேட்டவர்கள் அது அவளுடைய வேடிக்கை என்று நினைத்தார்கள்.

வீட்டுக்காரர் ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தார். துணியை வெட்டிக்கொண்டே, நிமிராமல், "விளக்கை மாத்திட்டே இருக்கியே, ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டிட்டு அப்புறம் மாத்தலாமில்ல" என்றார். வண்டிக்கு எதற்கு டாக்டர் என்று அவள் மடக்கினாள். அவர் வெட்டுவதைத் தொடர்ந்தார். அன்று இரவு அவள் சமைத்த எதிலும் உப்பு இல்லை. அதையும் அவர் சொல்லவில்லை.

அப்புறம் ஒரு நாள் தம்பி நாலாவது விளக்கோடு வந்தான். இந்தத் தடவை வித்தையைச் சரியாகக் கற்றுக்கொண்டு வந்திருந்தான். ப்ரொஜெக்டர் விளக்கு. கன்வெர்ட்டருக்குப் பாரம் குறைவு, வெளிச்சம் அதிகம், அதன் மேல்விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல நேராக நிற்கும், எதிரே வருகிறவர் கண்ணில் ஏறாது. ஆனால் உயரத்தைச் சரியாக வைக்க வேண்டும். பின்னால் ரொட்டிப் பெட்டி ஏறினால் வண்டியின் பின்பக்கம் அமுங்கி மூக்கு தூக்கும், வெளிச்சமும் மேலே ஏறிவிடும். அதனால் பாரம் ஏற்றி, ஓட்டுகிறவள் சீட்டில் உட்கார்ந்த பிறகுதான் வைத்துப் பார்க்க முடியும். ஆகவே விடியற்காலையில், சூடான ரொட்டி பின்னால் ஏறியிருக்க, பேக்கரியின் பின்வாசலில் வேலை நடந்தது.

எதிரே அடுப்புப் புகையில் கறுத்துப்போன நீளச் சுவர். தம்பி விளக்கின் உயரத்தை அளந்து, உள்ளே போய் ஒரு கை மாவை அள்ளி வந்து, சுவரில் ஒரு முழ நீளத்துக்கு வெள்ளைக் கோடு ஒன்று தேய்த்தான். வெளிச்சத்தின் மேல்விளிம்பு அந்தக் கோட்டுக்கு ஒரு விரல் கீழே விழ வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. எதிரே வருகிறவன் கண்ணுக்கு எப்படி இருக்கிறது பார்க்கலாம் என்று சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து விளக்கைப் பார்த்தான். கண் கூசியது. எழுந்து வந்து வண்டி முன்னால் குந்தி, திருப்புளியால் திருகத் தொடங்கினான். கண்ணுக்குள் இன்னும் வெள்ளை வெள்ளையாகப் பூத்துக்கொண்டிருந்ததால், பார்த்துச் சொல்லும் பொறுப்பை அக்காவிடம் விட்டான்.

"மேல இருக்குடா. இறக்கு," என்றாள் அவள் சீட்டிலிருந்து. "இன்னும். இன்னும் கொஞ்சம். அங்கதான், நிறுத்து. கோட்டுக்கு ஒரு விரல் கீழ, கச்சிதமா விழுது."

காலித் தட்டுகளோடு வெளியே வந்த மாஸ்டர் தம்பியின் முதுகைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். கறுப்புச் சட்டையில், தோளுக்குத் தோள், பட்டையாக வெள்ளை மாவு. "சுவத்துல போட்ட கோட்டை முதுகுல வாங்கிட்டு வந்துட்டியேப்பா" என்றார். தம்பியும் சிரித்தபடியே சுவரைத் திரும்பிப் பார்த்தான். கறுப்புச் சுவர் வெறுமையாக இருந்தது. ஓரத்தில் நாலு விரல் நீளத்துக்கு ஒரு கீற்றுகூட மிச்சமில்லை.

சிரிப்பு அவன் வாயிலேயே நின்றுவிட்டது. அக்காவைப் பார்த்தான். அவள் இன்னும் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், முகத்தில் வேலை சரியாக முடிந்த திருப்தியோடு. மாஸ்டர் சொன்னது அவளுக்குக் காதில் விழுந்து, உள்ளே இறங்க ஒரு நிமிஷம் ஆனது.

"முன்னாடி பார்த்த ஞாபகத்துல சொன்னேன்டா," என்றாள்.

தம்பி ஏதாவது சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பாள். அவன் திருப்புளியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே குந்தியிருந்தான். சின்ன வயதில் காய்ச்சல்காரனாக அவளுடைய இடுப்பில் உட்கார்ந்து ஊரெல்லாம் சுற்றியவன். அவன் கண் கலங்கியது அவளுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை, ஆனால் மூக்கை உறிஞ்சியது கேட்டது.

அவள் இறங்கினாள். சுவரிடம் போய், கோடு இருக்க வேண்டிய உயரத்தில் உள்ளங்கையை வைத்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தடவிக்கொண்டே நடந்தாள். கையை முகத்துக்கு அருகில் கொண்டுவந்து பார்த்தாள். கரிதான் ஒட்டியிருந்தது.

"மழை முடிஞ்சப்ப, அந்தத் தெருவுல பெருக்குமே ஒரு பொண்ணு, அது மேல ஏத்தப் பார்த்தேன்டா," என்றாள், சுவரைப் பார்த்தபடியே. "துடைப்பம் இடிச்சதால நின்னேன். இல்லேன்னா நின்னிருக்க மாட்டேன். யார்கிட்டயும் சொல்லல."

தம்பி மெதுவாக, கண்ணில் புரை விழுந்திருக்கும், எடுத்துவிட்டால் சரியாகிவிடும், தன் பட்டறைக்கு வருகிற இன்னாருக்குக்கூட எடுத்தார்கள் என்றெல்லாம் சொன்னான். அவன் சொன்னதில் பாதி அவனுக்கே தெரியாத விஷயம். அது சரியாகுமா, ஆகாதா, மறுபடி இந்த வண்டியில் உட்கார விடுவார்களா என்பதெல்லாம் டாக்டர் சொன்னால்தான் தெரியும். அவளுக்குப் பயமாக இருந்தது. ஆனால் அந்தப் பெருக்குகிற பெண்ணை நினைத்தால் வருகிற பயத்துக்குப் பக்கத்தில் இது சின்னதாக இருந்தது.

"இன்னைக்கே கூட்டிட்டுப் போ," என்றாள். "மாமாவையும் வரச் சொல்லு. அவருக்கு ஏற்கெனவே தெரியும். நான் சொல்லணும்னுதான் காத்துட்டு இருக்காரு."

தம்பி மறுபடி உள்ளே போய் மாவு அள்ளி வந்து கோட்டைத் தேய்த்தான். அவளை உட்கார வைத்து, தானே எழுந்தெழுந்து பார்த்து, திருகித் திருகி விளிம்பைச் சரியான இடத்தில் நிறுத்தினான். அதற்குள் பெட்டியிலிருந்து வந்த வாசனை இளைத்துவிட்டிருந்தது. அவள் இறங்கி, சாவியை எடுத்து அவனிடம் நீட்டினாள்.

"ரொட்டி ஆறுது. நீ ஓட்டு. முதல் நாலஞ்சு கடை பக்கத்துலதான், நான் முன்னால நடந்து காட்டறேன். தூரத்துக் கடைக்கெல்லாம் விடிஞ்சப்புறம் போலாம்."

அவள் ஏன் நடக்க வேண்டும், வழியைச் சொன்னால் போதாதா என்று தம்பி கேட்டான்.

"எனக்குச் சொல்லத் தெரியாதுடா. கை தானா திரும்பும், அவ்வளவுதான் தெரியும்."

அவள் முன்னால் நடக்க, வண்டி சத்தமில்லாமல் பின்னால் நகர்ந்தது. புது விளக்கின் வெளிச்சம் அவள் இடுப்புக்கு மேல் ஏறவில்லை. கால்கள் மட்டும் இரண்டு நீள நிழலாகித் தெருவின் கடைசிவரை அவளுக்கு முன்னே போயின. முதல் கடையில் ரொட்டியை வாங்கியவர், சூடு குறைவாக இருக்கிறதே என்று சொல்ல வாயெடுத்து, அவள் நடந்து வந்திருப்பதைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார். அவள் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

மூன்று தெரு கூடுகிற முனை வந்தது. வலது பக்கத்திலிருந்து துடைப்பம் தரையைத் தேய்க்கிற சத்தம் சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது. ரொட்டியக்கா நடுத்தெருவில் நின்றாள். தோளிலிருந்து விரல் நுனிவரை வலது கையை நீட்டினாள். தம்பி வேகத்தைக் குறைத்து, அவளைச் சுற்றிக்கொண்டு, வண்டியை முழுக்கத் திருப்பி முடிக்கும்வரை அந்தக் கையை அவள் இறக்கவில்லை.